ஏழு நிமிஷக் கரண்ட்

ஏழு நிமிஷம். இந்த எண்ணை மனசுல ஆணி அடிச்சு மாட்டிக்கங்க. மீட்டர் வெச்சிருக்கறவன், சட்டைப் பையில ஸ்க்ரூட்ரைவர் சொருகிட்டுத் திரியறவன், எல்லாம் தெரிஞ்ச மாதிரி தலையாட்டறவன், அத்தனை பேரும் கோட்டை விட்டது இந்த ஏழு நிமிஷத்துலதான்.

டைலரக்காவுக்கு வயசு நாப்பத்தியெட்டு. அவங்க வீடு மலைச்சரிவுல கடைசி வீடு. கரண்டு கம்பம் ரெண்டு கிலோமீட்டர் கீழயே நின்னுபோச்சு, அதுக்கு மேல ஏற அதுக்கு மூச்சு வாங்குச்சோ என்னவோ. வீட்டு முன் ஹால்ல ஜன்னலை ஒட்டி நாலு தையல் மெஷின். நாலுமே மோட்டார் வெச்சது. நடு ரூம்ல துணி வெட்டற மேஜை. மேஜைக்கு மேல செவுத்துல ஒரு அட்டை தொங்கும்: "துவைச்சுத் தொளதொளத்த சட்டையை அளவுக்குக் கொண்டுவராதீங்க." அக்கா கைப்பட எழுதினது. அளவு கொடுக்கறேன்னு பத்து வருஷத்துப் பழைய சட்டையைத் தூக்கிட்டு வர்றவங்களோட மல்லுக்கட்டி மல்லுக்கட்டி வெறுத்துப்போய் எழுதினது.

இதுக்கு முன்னாடி ஒன்பது வருஷம் டவுன்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல இருந்தாங்க. என்ன தைச்சாங்கன்னு கேட்டா இடது கைன்னு சொல்வாங்க. சட்டையோட இடது கை மட்டும். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் இடது கை. வலது கைக்கு வேற வரிசை, காலருக்கு வேற வரிசை. ஒன்பது வருஷத்துல ஒரு முழுச் சட்டை அவங்க கையால முடிஞ்சதில்ல. சூப்பர்வைசர் பின்னாடி நின்னு, "கை, கை, கை ஓடட்டும்"னு கத்திட்டே இருப்பான். ஒருநாள் சாப்பாட்டு மணி அடிச்சதும் எந்திரிச்சு வந்தவங்கதான், திரும்பிப் போகல. முழுச் சட்டை தைக்கணும், தைக்கறதை நம்ம வீட்டுல உக்காந்து தைக்கணும், அவ்வளவுதான் அவங்க கேட்டது.

அந்த ஆசைக்குத் தீனி போட்டது வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல இருக்கற டர்பைன். பெரிய பேரு, ஆனா மிஷின் ஒரு பக்கெட் அளவுதான். மேல ஓடையை ஒட்டி ஐந்நூறு லிட்டர் புடிக்கற சிமெண்ட்டுத் தொட்டி. அதுல இருந்து இருநூறு மீட்டர் கருப்புக் குழாய் சரிவுல இறங்கி ஷெட்டுக்கு வரும். குழாய் நுனியில பித்தளையில ஒரு நாசில். வீட்டுல எல்லாரும் அதை மூக்குன்னுதான் சொல்வாங்க. மூக்குல இருந்து தண்ணி ஊசி மாதிரிப் பாய்ஞ்சு, கரண்டி கரண்டியா இருக்கற ஒரு சக்கரத்தை அடிக்கும். சக்கரம் சுத்தும், கரண்ட் வரும். எவ்வளவு வருதுன்னு ஷெட்டுச் செவுத்துல ஒரு மீட்டர் வாட் கணக்குல காட்டும். தைச்சது போக மிஞ்சற கரண்ட் குளியல் தண்ணியைச் சூடு பண்ணிரும்.

எட்டு வருஷம் முந்தி போட்டது. வெயில் காலத்துல ஐந்நூறு வாட், மழைக்காலத்துலயும் குறைவில்ல. போன வெயிலுக்குக் கொஞ்சம் சுணங்குச்சு. சந்தேகத்துல மூக்கைப் புதுசா கடைஞ்சு மாட்டினாங்க. அப்புறம் மழை வந்துச்சு, பிரமாதமா ஓடுச்சு, எல்லாரும் மறந்துட்டாங்க. இந்த வெயில் வந்ததும் சுத்தமா படுத்திருச்சு. நூத்தி எழுபது வாட். ரெண்டு மெஷின் ஓட்டலாம், அதுவும் முனகிட்டே ஓடும்.

ஆனா ஒரு வேடிக்கை. ஷெட்டுல குழாய் வால்வை மூடி, கொஞ்ச நேரம் காத்திருந்து, திரும்பத் திறந்தா ஜம்முனு வரும். நாலு மெஷினும் பறக்கும். எவ்வளவு நேரம்? ஏழு நிமிஷம். அப்புறம் படுத்துரும். மறுபடி மூடணும், ஆறேழு நிமிஷம் கையைக் கட்டிட்டு உக்காரணும், திறக்கணும். அக்காவும் கூட வேலை செய்யற மூணு பொம்பளைங்களும் மூணு வாரமா இப்படித்தான் துண்டு துண்டா தைச்சுட்டு இருந்தாங்க.

இப்ப கையில இருந்தது ஆஸ்பத்திரி வேலை, போன வாரம் வந்தது. நோயாளிங்க போடற நீல அங்கி, நூத்தி எண்பது. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வந்து சேர்ந்தா மாசாமாசம் ஆர்டர். வரலேன்னா வேற ஆள் பார்த்துக்கறோம்னு ஸ்டோர்க்காரம்மா மூஞ்சிக்கு நேராவே சொல்லியாச்சு. இந்த ஆர்டர் போனா வேற பெரிய ஆர்டர் கிடையாது. ஹால் காலி.

அந்த ஞாயித்துக்கிழமை அக்காவோட கொழுந்தன் வந்து உக்காந்தான். வேன் வெச்சிருக்கான். கதவைத் தட்டற பழக்கம் கிடையாது, ரோட்டுல இருந்தே ஹாரன் அடிப்பான். அதனால அவன் பேரே ஹாரன்.

"அண்ணி, நான் நேரா விஷயத்துக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு வண்டி வரும். நாலு மெஷினையும் ஏத்திருவோம். டவுன்ல நல்ல விலைக்கு ஆள் இருக்கு. உங்களுக்கு கார்மெண்ட்ஸ்ல இடமும் சொல்லி வெச்சுட்டேன்."

"எந்த செக்‌ஷன்?"

"ஏதோ ஸ்லீவுன்னு சொன்னாங்க."

"எந்தக் கை?"

ஹாரனுக்குப் புரியல. "கையில என்னண்ணி இருக்கு?"

"கையிலதான்யா எல்லாம் இருக்கு"ன்னு சொல்லிட்டு அக்கா உள்ள போயிட்டாங்க.

அக்கா வீட்டுக்காரர் பெயிண்டர். நல்ல மனுஷன், ஆனா எதுக்கெடுத்தாலும் முகம் தொங்கிரும். தம்பி போனதும் மெதுவா வந்து, "அவன் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கும்மா. குளிக்கச் சுடுதண்ணி வந்தே மூணு வாரமாச்சு"ன்னாரு.

"சுடுதண்ணிக்கா என் மெஷினை விக்கறீங்க?"

"நான் விக்கறேன்னா சொன்னேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"பேச்சுல ஆரம்பிச்சுத்தான் வேன் வந்து நிக்குது."

வெள்ளிக்கிழமை நாலு மணி. அதுக்குள்ள டர்பைன் எந்திரிச்சு நிக்கணும். இல்ல, அக்கா திரும்ப இடது கை.

செவ்வாய்க்கிழமை எலெக்ட்ரீஷியன் வந்தான். மூணாவது தடவை. பையில எப்பவும் ஒரு டெஸ்டர் எட்டிப் பார்க்கறதால ஊரே அவனை டெஸ்டர்னுதான் கூப்பிடுது. கெட்டிக்காரன், கையும் சுத்தம். ஆனா கால்ல சக்கரம் கட்டினவன், ஒரு இடத்துல நிக்க மாட்டான்.

வந்ததும் முதல் வேலையா வால்வை மூடினான். மூடித்தானே ஆகணும், சுத்தற சக்கரத்துல கையை விட முடியுமா? பேரிங்கை ஆட்டிப் பார்த்தான், ஆடல. ஒயரெல்லாம் இழுத்துப் பார்த்தான், அசையல. குழாய்ல இருக்கற பிரஷர் முள்ளைப் பார்த்தான்.

"அஞ்சு கிலோ. குண்டு மாதிரி நிக்குது பாருங்கக்கா."

"மூக்கைக் கழட்டிப் பாக்கறியா தம்பி?"

"அது போன வருஷம் போட்டதுதானே? பளபளன்னு இருக்கு. அதுல என்ன வரப்போகுது?"

வால்வைத் திறந்தான். சக்கரம் உறுமுச்சு. மீட்டர் ஏறி எழுநூத்திப் பத்துல நின்னுச்சு.

"மிஷின் மேல என்ன எழுதியிருக்கு? ஐந்நூறு. உங்களுக்கு வர்றது எழுநூத்திப் பத்து. இன்னும் என்னக்கா வேணும், ஏரோப்ளேன் ஓட்டப் போறீங்களா?"

"கொஞ்சம் உக்காரு தம்பி. இன்னும் அஞ்சு நிமிஷத்துல படுத்துரும்."

"படுக்கறதுக்கு அது என்ன உங்க வீட்டுக்காரரா?"

ஏணி மேல நின்னு ஜன்னலுக்குப் பூசிட்டிருந்த பெயிண்டர் அங்கிருந்தே, "டேய், காதுல விழுது"ன்னாரு.

"விழட்டும்ணே. அக்கா, மிஷின்ல ஒண்ணும் இல்ல. நாலு மெஷினையும் ஒரே நேரத்துல மிதிக்கறீங்க, அதுதான் இழுக்குது. ஒண்ணொண்ணா ஓட்டுங்க." பைக்கை உதைச்சான். வண்டி வளைவுல மறையறதுக்குள்ள மீட்டர் இறங்க ஆரம்பிச்சிருச்சு. அறுநூறு. நானூறு. முந்நூறு. போன் போட்டா, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ன்னான்.

விருந்தாளி முன்னாடி மட்டும் சமத்தா இருக்கற குழந்தை மாதிரி அந்த மிஷின். வந்து பாக்கறவனுக்கு அதைப் பத்தி ரெண்டு நிமிஷம் தெரியும். வேலை செய்யறவங்களுக்கு ஏழு நிமிஷம் தெரியும். அவங்ககிட்ட யாரும் கேக்கல.

புதன்கிழமை மத்தியானம். அக்காவுக்குப் பக்கத்து மெஷின்ல உக்கார்றவ பேரு பாபின். ஆளு குள்ளம், வேகம் ஜாஸ்தி, மெஷின் அடியில இருக்கற குட்டி நூல் உருளை மாதிரி ஒரு இடத்துல உக்காந்தே சுத்திட்டு இருப்பா, அதனால அந்தப் பேரு. தொண்டை மட்டும் ஆளுக்கு மூணு மடங்கு. அவளுக்கு நூல் அறுந்துட்டே இருந்துச்சு.

"அக்கா, நூல் டென்ஷன் சரியாத்தான் இருக்கு. இழுத்துப் பார்த்துட்டேன்."

"ஓட்டிப் பார்த்தியா?"

"நிறுத்திட்டுப் பார்த்தேன்."

"ஏண்டி, நிறுத்திட்டுப் பார்த்தா எல்லாம் சரியாத்தாண்டி இருக்கும், ஓடும்போதுதானே..."

அக்கா அப்படியே நிறுத்திட்டாங்க. ஊசி துணியில குத்தினபடி நிக்குது. கை நீலத் துணி மேல இருக்கு. பாபின் பயந்துட்டா.

"என்னக்கா? நெஞ்சு வலிக்குதா?"

"பாபின். மேல தொட்டியை நாம எப்படிப் பாக்கறோம்?"

"கண்ணாலதான்."

"உன் வாய்க்கு ஒரு பட்டன் வெக்கணும். வாராவாரம் வலையில சிக்குன இலையை எடுக்க ஏர்றோமே, ஏர்றதுக்கு முன்னாடி என்ன பண்றோம்?"

"வால்வை மூடுவோம்." சொல்லிட்டு பாபினும் நிறுத்திட்டா.

அதுதான். எட்டு வருஷமா அந்த வீட்டுல ஒரு பழக்கம். வால்வை மூடிட்டுத்தான் மேல ஏறுவாங்க. ஏறி முடிக்கறதுக்குள்ள தொட்டி ரொம்பி வழியும். பார்த்துட்டு, "தண்ணி தளும்புது"ன்னு சந்தோஷமா இறங்கி வருவாங்க. டெஸ்டரும் மூடிட்டுத்தான் முள்ளைப் பார்த்தான். மிஷின் ஓடும்போது தொட்டி எப்படி இருக்குன்னு அந்த வீட்டுல ஒருத்தர் கூட பார்த்ததில்ல.

"நான் மேல போறேன். கை காட்டினதும் நீ வால்வைத் திற. மீட்டர் என்ன சொல்லுதோ அதைக் கத்து."

"உங்க முட்டி வலிக்கு நான் போறேன்க்கா."

"உன் தொண்டை கீழ இருக்கணும்டி."

முட்டி ஒவ்வொரு அடிக்கும் ஒரு வசவு வெச்சுது. அக்கா அதைக் காதுல போட்டுக்கல. மேல போய் தொட்டி விளிம்பைப் புடிச்சுட்டு நின்னு கையை ஆட்டினாங்க.

"எழுநூறூ!" கீழ இருந்து வந்துச்சு சத்தம். தொட்டி தளும்புது. மூணு நிமிஷம், அரைத் தொட்டி. அஞ்சு நிமிஷம், அடியில சேறு தெரியுது. ஆறு தாண்டினதும் தண்ணி ஒரு சுழி போட்டுச்சு. குழாய் வாய் வெளிய வந்துச்சு. கொளகொளன்னு ஒரு சத்தம், தாகத்துக்குக் காத்தைக் குடிக்கற மாதிரி.

"அறுநூறூ! அக்கா, இறங்குது! நானூத்தி அம்பதூ! முந்நூறூ!"

குழாய் பாதி வெறும் காத்து. ஓடையில இருந்து வர்ற தண்ணி அத்தனையும் விழுந்த சுருக்குல உள்ள ஓடிப்போகுது, குழாய் ரொம்பவே மாட்டேங்குது. ரொம்புனாத்தானே மேல இருந்து அமுக்கும்? அமுக்குனாத்தானே கீழ வேகமா பாயும்? அக்கா இறங்கி வந்ததும் முதல்ல பிரஷர் முள்ளைப் பார்த்தாங்க. ஓடும்போது, மூடாம. ஒண்ணரை கிலோ.

சாயங்காலம் பெயிண்டர்கிட்ட சொன்னதும் அவரு உடனே துக்கம் கொண்டாட உக்காந்துட்டாரு. "அப்ப ஓடை செத்துப்போச்சு. தண்ணியே இல்லாதப்ப நாம என்ன பண்ண முடியும்? தம்பிக்குச் சொல்லிர்றேன்."

"ஓடை செத்துச்சுன்னு யாரு சொன்னா?"

"பார்த்தாலே தெரியுதே."

"கண்ணால பார்த்து தைச்சா கழுத்து தோளுக்கு இறங்கிரும். அளக்கணும். இதைப் போட்டுக் கொடுத்த ஃபிட்டர் அன்னைக்கு பக்கெட் வெச்சு அளந்தாரே, எவ்வளவுன்னு ஞாபகம் இருக்கா?"

"எனக்கெங்க ஞாபகம்? தொட்டிச் செவுத்துல, ஈரச் சிமெண்ட்டுல ஆணியால என்னமோ கிறுக்கி வெச்சிருந்தாரு."

"எங்க? நான் பாக்கலயே."

பெயிண்டர் தலையைச் சொறிஞ்சாரு. "அசிங்கமா இருந்துச்சும்மா. மேல பச்சை அடிச்சுட்டேன்." கொஞ்சம் விட்டு, "ரெண்டு கோட்டு"ன்னாரு.

ஃபிட்டர் கடல் தாண்டி வேலைக்குப் போய் வருஷம் ஆச்சு. கேக்க ஆள் இல்ல.

வியாழக்கிழமை காலையில ரெண்டு பேரும் மேல ஏறினாங்க. அக்கா கையில துணி மேல கோடு போடற தட்டைச் சாக்கட்டி. பச்சைச் செவுத்து மேல அதைப் படுக்க வெச்சு லேசா தேய்ச்சாங்க. மேடான இடமெல்லாம் வெள்ளையாச்சு. ஆணி கீறின பள்ளம் மட்டும் பச்சையாவே நின்னுச்சு. எழுத்து எந்திரிச்சு வந்துச்சு.

வெயில் காலம். 20 லிட்டர், 9 நொடி. மூக்கு 10 எம்.எம்.

"நான் அடிச்ச பெயிண்ட் எவ்வளவு மெலிசு பாரு, எழுத்தே தெரியுது"ன்னாரு பெயிண்டர், பெருமையா.

இருபது லிட்டர் பக்கெட்டைத் தொட்டிக்குள்ள விழற தண்ணிக்கு நேரா புடிச்சாங்க. அவரு போன்ல நொடி பார்த்தாரு. ஒன்பது. கொட்டிட்டு மறுபடி புடிச்சாங்க. ஒன்பது. மூணாவது தடவையும் ஒன்பது.

"ஓடை அப்படியே இருக்குங்க. எட்டு வருஷமா ஒரு சொட்டு குறையல"ன்னாங்க அக்கா. "குடிக்கற வாய்தான் பெருசாயிருச்சு."

இறங்கி வந்து வால்வை மூடி மூக்கைக் கழட்டினாங்க. பளபளன்னு இருந்துச்சு, புதுசு. அதனாலதான் அது மேல யாருக்கும் சந்தேகம் வரல. ஓட்டையை அளக்கறதுக்கு வீட்டுல கருவி இல்ல. டேப்பு இருக்கு, ஆனா டேப்பு இடுப்பை அளக்கும், ஓட்டையை அளக்காது. அக்கா பட்டன் டப்பாவைக் கவுத்தாங்க. பட்டன் கணக்கு அவங்களுக்கு அத்துப்படி. காலர் பட்டன் ஒன்பது எம்.எம். சட்டை முன்பக்கத்துப் பட்டன் பதினொண்ணரை. கோட்டுப் பட்டன் பதினஞ்சு.

ஓட்டை பத்துன்னா காலர் பட்டன் போகணும். போச்சு. சட்டைப் பட்டன் நிக்கணும்.

டிங்னு தரையில விழுந்துச்சு சட்டைப் பட்டன். உருண்டு மெஷினுக்கு அடியில போச்சு. கோட்டுப் பட்டன் மட்டும் நின்னுச்சு.

"புதுசு எப்படிக்கா பெருசாகும்?"ன்னா பாபின்.

அக்காவோட கண்ணு நடு ரூம் செவுத்துல தொங்கற அட்டைக்குப் போச்சு. துவைச்சுத் தொளதொளத்த சட்டையை அளவுக்குக் கொண்டுவராதீங்க. முகம் மெல்ல மெல்ல சிவந்துச்சு.

போன வருஷம் லேத்துப் பட்டறைக்குப் போனது அவங்கதான். பழைய மூக்கைக் கையில கொடுத்து, "இதே மாதிரி ஒண்ணு கடைஞ்சு கொடுங்கண்ணே"ன்னு சொன்னது அவங்கதான். ஏழு வருஷம் மணலும் தண்ணியும் பாய்ஞ்சு தேய்ஞ்சு தேய்ஞ்சு பத்து எம்.எம். ஓட்டை பதிமூணா விரிஞ்ச மூக்கு அது. துவைச்சுத் தொளதொளத்த சட்டை. ஊருக்கே அட்டை எழுதித் தொங்கவிட்ட பொம்பளை, தானே அந்தச் சட்டையைத் தூக்கிட்டுப் போய் அளவுக்குக் கொடுத்திருக்காங்க. மழைக்காலத்துல ஓடை பெருகி வர்றதால அந்தப் பெரிய வாய்க்குத் தீனி கிடைச்சுது, யாருக்கும் தெரியல. வெயில் வந்ததும் தெரிஞ்சுது.

"அந்த அட்டையைக் கழட்டிரலாமாக்கா?"ன்னு பாபின் சிரிப்பை அடக்கிட்டுக் கேட்டா.

"கழட்டாத. இன்னொண்ணு எழுதி ஷெட்டுலயும் மாட்டு."

பெயிண்டரோட பைக்ல ஏறி லேத்துக்குப் போனாங்க. லேத்துக்காரர் வயசானவர், கண்ணாடியை நெத்தி மேல தூக்கி விட்டுட்டுக் கேட்டாரு.

"நீங்க கொடுத்த சாம்பிளுக்கு ஒரு மயிரிழை மாறாம கடைஞ்சேனேம்மா. சாம்பிள்ல ஒரு கீறல் இருந்துச்சு, அதைக் கூட விடலையே!"

"அதுதாண்ணே வினை."

"அப்ப தப்பு என் மேலயா?"

"இல்லண்ணே. என் மேல. முழுக்க என் மேல. இப்ப பத்து எம்.எம். ஓட்டை, கொஞ்சம் கூடக் குறைய இல்லாம. இந்தாங்க, காலர் பட்டன். இது போகணும். இந்தாங்க, சட்டைப் பட்டன். இது நிக்கணும்."

லேத்துக்காரர் தன் அளவுக் கருவியைத் தூக்கிக் காட்டினாரு. "எங்கிட்ட இது இருக்கும்மா. முடியிழையையும் அளக்கும்."

"உங்க கருவி உங்களுக்கு. என் பட்டன் எனக்கு."

ரெண்டையும் வெச்சுப் பார்த்தாங்க. காலர் பட்டன் போச்சு, சட்டைப் பட்டன் நின்னுச்சு. லேத்துக்காரர் அந்தச் சட்டைப் பட்டனைத் திருப்பித் தரல, இருக்கட்டும்மான்னு மேஜை டிராயர்ல போட்டுக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை காலையில ஏழு மணி. அங்கி இன்னும் எழுபத்தி ரெண்டு பாக்கி. டெஸ்டரையும் வரச் சொல்லியிருந்தாங்க. புது மூக்கை மாட்டி, தொட்டிகிட்ட பெயிண்டரை நிறுத்தி, வால்வைத் திறந்தாங்க.

மீட்டர் ஏறுச்சு. நானூறு. நானூத்தி எண்பது. ஐந்நூத்தி அஞ்சு. நின்னுருச்சு.

பாபின் முகம் சுருங்கிப்போச்சு. "அவ்வளவுதானா? அக்கா, பழசுல எழுநூறு வந்துச்சே!"

டெஸ்டர் கையை விரிச்சான். "வந்துட்டிருந்ததையும் குறைச்சுட்டீங்களே! மூக்கைச் சின்னதாக்கினா கரண்டும் சின்னதாத்தானேக்கா ஆகும்? இது சின்னப் புள்ளைக்குக் கூட..."

"உக்காரு."

"அக்கா, எனக்குக் கீழ ஒரு வீட்டுல..."

"மூணு தடவை வந்த. மூணு தடவையும் ரெண்டு நிமிஷம் நின்ன. இன்னைக்கு உக்காரு தம்பி. உன் பைக் சாவி எங்கிட்ட இருக்கு."

நிஜமாவே இருந்துச்சு, ஊசி குத்தற பஞ்சுல சொருகி வெச்சிருந்தாங்க. டெஸ்டர் ஒரு துணி மூட்டை மேல உக்காந்தான். நாலு மெஷினும் சடசடன்னு ஓடுச்சு. யாரும் துணியைப் பாக்கல, எல்லார் கண்ணும் திறந்த கதவு வழியா மீட்டர்லதான்.

நாலு நிமிஷம். ஐந்நூத்தி அஞ்சு.

ஆறு நிமிஷம். ஐந்நூத்தி அஞ்சு. பாபின் கால் தன்னால மிதியை விட்டு எடுத்துருச்சு, மூணு வாரப் பழக்கம்.

"யாருடி நிறுத்தச் சொன்னா?"ன்னாங்க அக்கா.

ஏழு. ஐந்நூத்தி அஞ்சுதான். எட்டு. ஐந்நூத்தி நாலு, திரும்ப ஐந்நூத்தி அஞ்சு. ஒன்பதாவது நிமிஷம் மேல இருந்து பெயிண்டரோட சத்தம். அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு தொண்டை இருக்குன்னு கட்டின பொண்டாட்டிக்கே அன்னைக்குத்தான் தெரியும்.

"வழியுதுடீ! தொட்டி வழியுதுடீ!"

பாபின் ஸ்டூல் மேல ஏறிக் குதிச்சா. மத்த ரெண்டு பேரும் நீல அங்கியைத் தலைக்கு மேல சுத்தினாங்க. டெஸ்டர் எந்திரிச்சுப் போய், ஓடிட்டிருக்கற குழாய்ல பிரஷர் முள்ளைப் பார்த்தான். நாலரை கிலோ. ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு நின்னான்.

"மூணு தடவை வந்தேனேக்கா. ஓடும்போது ஒரு தடவை கூட இந்த முள்ளைப் பாக்கலயே."

"இன்னைக்குப் பார்த்துட்ட, விடு. என் மேல தப்பு இல்லையா? என் தப்பு அதை விடப் பெருசு." சாவியை எடுத்து நீட்டினாங்க. "கிளம்பு. கீழ வீட்டுல காத்திருப்பாங்க."

அவன் கிளம்பல. இன்னும் அரை மணி நேரம் உக்காந்து மீட்டரைப் பார்த்துட்டு, பட்டன் வேற தைச்சுக் கொடுத்துட்டுத்தான் போனான். கோணலாத்தான் தைச்சான். பாபின் பிரிச்சு மறுபடி தைச்சா.

அன்னைக்கு அந்த ஹால்ல வேலை நடந்த விதத்தைச் சொல்லணும். மூணு வாரமா துண்டு துண்டா தைச்சவங்க, ஒரே மூச்சுல தைச்சாங்க. ஒருத்தி உடம்பு, ஒருத்தி கை, ஒருத்தி கழுத்துன்னு யாரும் பிரிச்சுக்கல. ஆளுக்கு ஒரு முழு அங்கி, ஆரம்பத்துல இருந்து கடைசி முடிச்சு வரைக்கும். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்தினப்ப, மெஷின் எடுக்காத கரண்ட் எல்லாம் தண்ணிக்குப் போச்சு. பெயிண்டர் பட்டப்பகல்ல போய்ச் சுடுதண்ணியில குளிச்சுட்டு, விசிலடிச்சுட்டு வந்தாரு. மூணே கால் மணிக்குக் கடைசி அங்கி மடிஞ்சு மூட்டையில உக்காந்துச்சு.

நாலு மணிக்கு ரோட்டுல ஹாரன் சத்தம்.

வேனைப் பின்னாடி எடுத்து, கதவைத் திறந்து, தோள்ல கயித்துக் கட்டோட வந்தவன் ஹால் வாசல்லயே நின்னுட்டான். நாலு மெஷினும் ஓடிட்டிருக்கு. கிழிஞ்ச திரைச்சீலை, தலையணை உறைன்னு வீட்டு வேலையை எடுத்துப் போட்டுத் தைச்சுட்டிருக்காங்க. சும்மா இருக்க மனசு வரல.

"அண்ணி, என்ன இது?"

"மெஷின்."

"அது தெரியுது. ஏத்த வேண்டாமா? கயிறெல்லாம் வாங்கிட்டு வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. அந்த மூட்டையெல்லாம் இறுக்கிக் கட்டு. ஆறு மணிக்குள்ள ஆஸ்பத்திரி ஸ்டோர்ல இருக்கணும். ஸ்டோர்க்காரம்மா எண்ணிப் பார்த்துத்தான் வாங்குவாங்க, கூடவே நில்லு. வழியில எவனுக்காவது ஹாரன் அடிச்சுட்டு நிக்காத."

ஹாரன் அண்ணனைத் திரும்பிப் பார்த்தான். தலை ஈரம் காயாத பெயிண்டர், "அண்ணி சொல்றதைச் செய்டா"ன்னாரு.

மூட்டை ஏத்தி முடிச்சு, ஸ்டியரிங்ல உக்காந்தப்புறம் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. ஜன்னல் வழியா தலையை நீட்டினான். "கார்மெண்ட்ஸ்ல திங்கக்கிழமை வருவீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேனே. என்னன்னு சொல்லட்டும்?"

"வரலைன்னு சொல்லு. ஏன்னு கேட்டா, வேலை இருக்குன்னு சொல்லு."

ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு அங்கியைக் கூடத் திருப்பி அனுப்பல. அடுத்த மாசத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டாங்க. அந்தப் பெருத்த மூக்கையும் அக்கா தூக்கிப் போடல. மழை வந்து ஓடை பெருகினா அதுதான் எழுநூறு வாட் கொடுக்கும். மழைக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணுன்னு ரெண்டையும் ஷெட்டுல ஆணி அடிச்சு மாட்டி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல பக்கெட் எத்தனை நொடியில ரொம்புனா எதை மாட்டணும்னு எழுதி வெச்சிருக்காங்க. அது மேல பெயிண்ட் அடிக்கக் கூடாதுன்னும் எழுதியிருக்கு. சரிவுக்குக் கீழ குடியிருக்கற ரெண்டு பொம்பளைங்க, தங்கள் மெஷினைத் தலையில வெச்சு மேல தூக்கிட்டு வந்து சேர்ந்துட்டாங்க. இன்னைக்கு அந்த ஹால்ல ஒரே நேரத்துல ஓடற மெஷின் ஆறு.